வ. வே. சு. ஐயர்

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் (1881 – 1925) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், இதழாசிரியர். வ. வே. சு. ஐயர் என்ற சுருக்கப் பெயராலேயே பரவலாக அறியப்படுகிறார். இலண்டனில் வழக்கறிஞர் கல்வி பயிலும்போது புரட்சி இயக்கத்தில் சேர்ந்த இவர், பத்தாண்டுகள் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியில் தலைமறைவு வாழ்வு வாழ்ந்தார். திருக்குறளை முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்தார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவியில் (சேரன்மகாதேவி) இவர் நடத்திய தமிழ்க் குருகுலம், தமிழ்நாட்டுக் காங்கிரசில் பெரும் பிளவுக்குக் காரணமாயிற்று. கட்சிப் பணத்தைப் பெறும் ஒரு நிறுவனம் கட்சியின் கொள்கைக்குக் கட்டுப்பட்டதா என்ற கேள்வியில் தொடங்கிய அந்தத் தகராறு, தமிழக அரசியலின் போக்கை மாற்றிய நிகழ்வுகளுள் ஒன்று.

== பிறப்பும் கல்வியும் ==

ஐயர் 1881 ஏப்ரல் 2 அன்று பிறந்தார். திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியான வரகனேரி இவரது ஊர். தந்தை வேங்கடேச ஐயர், தாய் காமாட்சி அம்மாள். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். வரலாற்றிலும் இலத்தீன் மொழியிலும் ஆழ்ந்த பயிற்சி பெற்றிருந்தார். பிற்காலத்தில் ஓமர், வர்ச்சில், தாந்தே, மில்ட்டன் ஆகியோரின் காவியங்களோடு கம்பனை ஒப்பிட்டு எழுத இந்த மொழிப் பயிற்சி துணைநின்றது.

அக்கால வழக்கப்படி இளமையிலேயே இவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியின் பெயர் பாக்கியலட்சுமி. சட்டத் தேர்வில் தேறிய பின் திருச்சி நீதிமன்றத்தில் சில காலம் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார்.

== இரங்கூனும் இலண்டனும் ==

1906 ஆம் ஆண்டளவில் ஐயர் பர்மாவின் தலைநகரான இரங்கூனுக்குச் சென்று அங்கு ஆங்கிலேய வழக்கறிஞர் ஒருவரிடம் பணிபுரிந்தார். அடுத்த ஆண்டு பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்கத்துடன் இலண்டன் சென்று லிங்கன்ஸ் இன் என்னும் சட்டப் பயிலகத்தில் சேர்ந்தார்.

இலண்டனில் சியாம்ஜி கிருஷ்ண வர்மா நிறுவிய இந்தியா ஹவுஸ் அப்போது இந்திய மாணவர்களின் தங்குமிடமாகவும் புரட்சியாளர்களின் கூடுமிடமாகவும் விளங்கியது. அங்கு விநாயக தாமோதர் சாவர்க்கருடன் ஐயருக்கு நெருங்கிய நட்பு ஏற்பட்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த மருத்துவ மாணவர் டி. எஸ். எஸ். ராஜன், எம். பி. டி. ஆச்சாரியா ஆகியோரும் அந்த வட்டத்தில் இருந்தனர். 1857 ஆம் ஆண்டுப் போரைப் பற்றி மராத்தியில் சாவர்க்கர் எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஐயருக்கும் பங்கு இருந்ததாகக் கூறப்படுகிறது. பாரதியார் புதுச்சேரியிலிருந்து வெளியிட்ட இந்தியா இதழுக்கு ஐயர் இலண்டனிலிருந்து கடிதங்கள் எழுதிவந்தார்.

1909 சூலையில் மதன்லால் திங்ரா, கர்சான் வைலி என்னும் ஆங்கில அதிகாரியை இலண்டனில் சுட்டுக் கொன்றார். அதன்பின் இந்தியா ஹவுஸ் குழுவினர் மீது காவல்துறையின் கண்காணிப்பு கடுமையாயிற்று. ஐயர் சட்டக் கல்வியை முடித்திருந்தும், பிரித்தானிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்ததால் பாரிஸ்டர் பட்டத்தைப் பெறவில்லை. 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைது செய்யப்பட்டார். தம்மையும் கைது செய்யக்கூடும் என்பதை அறிந்த ஐயர் மாறுவேடத்தில் இங்கிலாந்திலிருந்து வெளியேறிப் பாரிசு நகரை அடைந்தார். தம் பெட்டியில் இருந்த பெயரின் முதலெழுத்துகளுக்குப் பொருந்துமாறு ஒரு சீக்கியப் பெயரைச் சொல்லிக் காவலரிடமிருந்து தப்பினார் என்ற செய்தி இவரது வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளது.

== புதுச்சேரி வாழ்க்கை ==

ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டுப் பல நாடுகள் வழியாகப் பயணம் செய்த ஐயர், 1910 திசம்பரில் இசுலாமியர் வேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அங்கு ஏற்கனவே அரவிந்தரும் சுப்பிரமணிய பாரதியாரும் அடைக்கலம் புகுந்திருந்தனர். இளைஞர்களுக்கு உடற்பயிற்சி, சிலம்பம், துப்பாக்கி சுடுதல் ஆகியவற்றில் ஐயர் பயிற்சி அளித்தார்.

ஐயரின் பெயர் திருநெல்வேலிச் சீமையுடன் முதன்முதலில் இணைந்தது இக்காலத்தில்தான். 1911 சூன் 17 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ் மணியாச்சித் தொடர்வண்டி நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் நிறுவனம் ஒடுக்கப்பட்டதும், 1908 ஆம் ஆண்டின் திருநெல்வேலிக் கலகத்துக்குப் பின் கடுமையான தண்டனைகள் விதிக்கப்பட்டதும் அப்பகுதி இளைஞர்களிடையே ஆழ்ந்த கசப்பை ஏற்படுத்தியிருந்தன. வாஞ்சிநாதன் புதுச்சேரியில் ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றதாகப் பிரித்தானிய அரசு கருதியது. அதன்பின் புதுச்சேரியில் ஒற்றர்களின் நடமாட்டம் பெருகியது.

இந்த நெருக்கடிக்கு நடுவிலும் ஐயர் எழுத்துப் பணியைக் கைவிடவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பை எழுதி முடித்தார். அது 1916 இல் வெளிவந்தது. கம்ப நிலையம் என்ற பெயரில் பதிப்பகம் ஒன்றையும் நடத்தினார்.

== தேசபக்தன் ஆசிரியர் ==

போர் முடிந்த பின் அளிக்கப்பட்ட பொது மன்னிப்பை அடுத்து ஐயர் 1920 இல் புதுச்சேரியை விட்டு வெளியேறினார். காந்தியின் வழியில் நம்பிக்கை கொண்டு, ஆயுதப் புரட்சிப் பாதையிலிருந்து விலகினார். சென்னையில் திரு. வி. கலியாணசுந்தரனார் ஆசிரியராக இருந்து விலகிய தேசபக்தன் நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார்.

1921 இல் அவ்விதழில் வெளியான ஒரு கட்டுரைக்காக அரசு இவர்மீது இராசத் துரோக வழக்குத் தொடுத்தது. அக்கட்டுரையை எழுதியவர் வேறொருவர் என்றும், ஆசிரியர் என்ற முறையில் ஐயர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்றும் கூறுவர். 9 மாதச் சிறைத் தண்டனை பெற்றுப் பெல்லாரிச் சிறையில் அடைக்கப்பட்டார். கம்பராமாயணத்தைப் பற்றிய தம் ஆங்கில ஆய்வு நூலை அச்சிறையில்தான் எழுதினார்.

== சேரன்மாதேவி குருகுலம் ==

=== தோற்றம் ===

ஒத்துழையாமை இயக்கம் அரசுப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் புறக்கணிக்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. அவ்வாறு வெளியேறும் மாணவர்களுக்காக நாட்டின் பல பகுதிகளில் தேசியக் கல்வி நிலையங்கள் தோன்றின. சிறையிலிருந்து வெளிவந்த ஐயரும் அத்தகைய ஒரு நிறுவனத்தை அமைக்க முற்பட்டார். தாய்மொழி வழிக் கல்வி, இலக்கியம், அறிவியல், உடற்பயிற்சி, கைத்தொழில், வேளாண்மை ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்பதும், படிப்பும் உடலுழைப்பும் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதும் அவரது திட்டம்.

குருகுலம் 1922 இன் இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கப்பட்டது. பின்னர் சேரன்மாதேவிக்கு மாற்றப்பட்டது. இரண்டு ஊர்களும் தாமிரபரணியின் தென்கரையில் உள்ளவை. பொதிகை மலையில் பிறந்து சுமார் 125 கி.மீ. ஓடிக் கடலில் கலக்கும் இவ்வாற்றின் மேற்பகுதி, அணைக்கட்டுகளாலும் கால்வாய்களாலும் நீர் பெறும் செழிப்பான நெல் வயல்களைக் கொண்டது. ஆற்றங்கரை ஊர்களில் அக்கிரகாரங்கள் மிகுதி. உணவிலும் நீரிலும் சாதி ஆசாரத்தைக் கடுமையாகப் பின்பற்றிய சூழல் அது. குருகுலத்தின் தங்குமிடத்துக்குப் பாரத்துவாச ஆசிரமம் என்று பெயரிடப்பட்டது. இங்கிருந்து ஐயர் பாலபாரதி என்னும் இதழையும் வெளியிட்டார்.

=== நிதி ===

குருகுலம் அரசின் உதவியை நாடவில்லை. மாணவர்களின் உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஆசிரியர்களின் பராமரிப்புக்கும் தேவையான பணம் நன்கொடைகளாலேயே திரட்டப்பட்டது. செட்டிநாட்டு வணிகர்களும், மலாயா முதலிய இடங்களில் வாழ்ந்த தமிழர்களும் உதவினர். இந்த நன்கொடையாளருள் பெரும்பாலோர் பிராமணர் அல்லாதவர்கள்.

தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டியும் குருகுலத்துக்கு 10,000 ரூபாய் வழங்க ஒப்புக்கொண்டது. காங்கிரசின் அமைப்பு 1920 நாகபுரி மாநாட்டில் மாற்றியமைக்கப்பட்டிருந்தது. மொழிவாரியாக மாகாணக் கமிட்டிகள் ஏற்பட்டன. நாலணா சந்தா செலுத்துவோர் உறுப்பினராகலாம் என்றும், அவர்களிலிருந்து படிப்படியாகக் கமிட்டிகள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் திலகர் சுயராச்சிய நிதிக்காக நாடு முழுவதும் 1 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. இதனால் மாகாணக் கமிட்டிகள் முதன்முறையாகக் கணிசமான பொதுப் பணத்தைக் கையாளும் அமைப்புகளாக ஆயின. கமிட்டியில் எவருக்குப் பெரும்பான்மை இருந்ததோ அவர்களே அப்பணம் எங்கே செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்தனர். எனவே கட்சிப் பதவிகளுக்கான போட்டியும் நிதி பற்றிய தகராறும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

ஒப்புக்கொண்ட தொகையில் முதல் தவணையாக 5,000 ரூபாய் குருகுலத்துக்கு அளிக்கப்பட்டது. அதன்பின் குருகுலத்தில் சாதி வேற்றுமை பின்பற்றப்படுவதாகச் செய்தி பரவியது. அப்போது கமிட்டியின் செயலாளராக இருந்த ஈ. வெ. இராமசாமி (பின்னாளில் பெரியார்) மீதித் தொகையைத் தர மறுத்தார். ஆயினும், தமக்குத் தெரியாமல் மற்றோர் இணைச் செயலாளரிடமிருந்து 5,000 ரூபாய்க்கான காசோலை பெறப்பட்டது என்று பெரியார் பிற்காலத்தில் தம் உரைகளிலும் எழுத்துகளிலும் பலமுறை குறிப்பிட்டுள்ளார். இது அவரது தரப்பின் கூற்று. பணம் தவறாகச் செலவிடப்பட்டது என்ற குற்றச்சாட்டு இந்தத் தகராறின் மையமாக இருக்கவில்லை. எந்த நிபந்தனையின் பேரில் அது தரப்பட்டது என்பதே விவாதத்துக்கு உள்ளாயிற்று.

=== பந்தி வேற்றுமை ===

குருகுலத்தில் மாணவர் அனைவரும் சேர்ந்து உண்பதே பொது விதியாக இருந்தது என்றும், பிராமண மாணவர் இருவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டதன் பேரில் அவ்விருவர் மட்டும் தனியே உண்ண ஐயர் இசைந்தார் என்றும் அவரது தரப்பினர் விளக்கினர். ஐயர் தாம் பிற மாணவர்களுடன் சேர்ந்து உண்ணும் வழக்கம் உடையவர் என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

எதிர்த்தரப்பினர் கூறிய செய்தி வேறு. உணவு மட்டுமன்றிக் குடிநீர்ப் பானையிலும் வேற்றுமை காட்டப்பட்டது என்று அவர்கள் குற்றஞ்சாட்டினர். அங்கு பயின்ற ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன், பிராமண மாணவருக்கென வைக்கப்பட்டிருந்த நீரை எடுத்துப் பருகியதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்ற செய்தி பெரியாரின் கவனத்துக்கு வந்ததாகக் கூறப்படுகிறது. இந்த இராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர்.

பெரியார் இச்செய்தியைக் காங்கிரசுத் தலைவர்களிடம் கொண்டு சென்றார். சேலத்தைச் சேர்ந்த டாக்டர் பெ. வரதராசுலு நாயுடு தம் தமிழ்நாடு இதழின் வாயிலாகவும் பொதுக்கூட்டங்கள் வாயிலாகவும் குருகுலத்துக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சியை நடத்தினார். வேற்றுமை ஒழியும்வரை குருகுலத்துக்கு எவரும் நன்கொடை அளிக்க வேண்டாம் என்ற கருத்து பரவியது. நன்கொடையையே நம்பியிருந்த நிறுவனத்துக்கு இது பெரும் அடியாக அமைந்தது.

இச்சிக்கல் எழுந்த காலமும் குறிப்பிடத்தக்கது. 1924 இல் திருவிதாங்கூரின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. பெரியார் அதில் கலந்துகொண்டு சிறை சென்றார். தீண்டாமை ஒழிப்பைத் தன் வேலைத்திட்டமாக அறிவித்திருந்த கட்சி, அதே வேளையில் தன் பணத்தால் நடக்கும் பள்ளியில் தனிப் பந்தியை அனுமதிக்கலாமா என்ற கேள்வி எளிதில் ஒதுக்கக்கூடியதாக இல்லை. மறுபுறம், பிராமணரல்லாதார் உரிமையை முன்வைத்த நீதிக்கட்சி அப்போது சென்னை மாகாணத்தில் ஆட்சியில் இருந்தது. காங்கிரசு பிராமணர்களின் கட்சி என்ற அதன் குற்றச்சாட்டுக்குக் குருகுலம் சான்றாகிவிடும் என்று காங்கிரசில் இருந்த பிராமணரல்லாத தலைவர்கள் கவலை கொண்டனர்.

=== காந்தியின் யோசனை ===

1925 மார்ச்சில் வைக்கம் பயணத்தையொட்டிக் காந்தி சென்னைக்கு வந்தபோது இச்சிக்கல் அவர் முன் வைக்கப்பட்டது. பொது நிறுவனம் ஒன்றில் மாணவர் அனைவரும் ஒரே பந்தியில் உண்பதே முறை என்பது அவரது கருத்து. ஆனால் இரு மாணவரின் பெற்றோருக்கு ஐயர் முன்பே வாக்குக் கொடுத்திருந்தால் அதை மீறச் சொல்வது சரியன்று என்றும், இனிமேல் அத்தகைய நிபந்தனையுடன் எவரையும் சேர்க்கக் கூடாது என்றும் அவர் யோசனை கூறினார்.

இந்தச் சமரசம் இரு தரப்பையும் நிறைவு செய்யவில்லை. கொடுத்த வாக்கை மீறுவதில்லை என்பதில் ஐயர் உறுதியாக இருந்தார். ஐயரின் வாக்கு அவரது தனிப்பட்ட விவகாரம் என்றும், பொதுமக்கள் அளித்த பணத்துக்கு அவ்வாக்கு பொருந்தாது என்றும் எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். எண்ணிக்கையில் இருவரே ஆயினும் கொள்கை ஒன்றே என்பது அவர்களின் நிலை.

=== காங்கிரசுக் கமிட்டியில் பிளவு ===

1925 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டி திருச்சிராப்பள்ளியில் கூடியது. தேசிய இயக்கத்தில் பங்கு கொள்ளும் நிறுவனங்கள் எவையும் பிறப்பின் அடிப்படையில் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்னும் தீர்மானத்தை எஸ். இராமநாதன் கொண்டுவந்தார். உணவு முதலிய தனிப்பட்ட ஆசாரங்களில் கமிட்டி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று சி. இராசகோபாலாச்சாரி தரப்பினர் கருதினர். கிளர்ச்சியை நடத்திய முறைக்காக வரதராசுலு நாயுடுவைக் கண்டிக்கவும் ஒரு முயற்சி நடந்தது. அது வெற்றி பெறவில்லை.

இராமநாதனின் தீர்மானம் பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியது. அதன் விளைவாக இராசகோபாலாச்சாரி, டி. எஸ். எஸ். ராஜன், க. சந்தானம் உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினர். இவர்களுள் ராஜன் ஐயருடன் இலண்டன் இந்தியா ஹவுசில் இருந்தவர். சாதி வேற்றுமைகளைக் கடந்து பழகிய அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களே பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் இத்தகைய விவாதத்தில் ஒரு தரப்பாக நிற்க நேர்ந்தது. எதிர்த்தரப்பில் நின்ற பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் ஒத்துழையாமைக் காலத்தில் இராசகோபாலாச்சாரியுடன் தோளோடு தோள் நின்று உழைத்தவர்கள்.

இக்காலத்திலேயே ஐயர் குருகுலத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

== மறைவு ==

பொறுப்பிலிருந்து விலகிய சில வாரங்களில், 1925 சூன் மாதத் தொடக்கத்தில், ஐயர் குருகுல மாணவர்களுடனும் தம் மக்களுடனும் பாபநாசம் சென்றார். தாமிரபரணி மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் இடம் அது. அகத்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம் என்னும் ஆழமான நீர்நிலை உள்ளது. அங்கு ஓடையைத் தாண்டிக் கடக்க முயன்ற அவரது மகள் சுபத்திரா கால் தவறி நீரில் விழுந்தார். மகளைக் காப்பாற்ற ஐயர் நீரில் பாய்ந்தார். இருவரும் நீரின் வேகத்தில் சிக்கி உயிரிழந்தனர். அப்போது ஐயருக்கு வயது 44.

மனைவி பாக்கியலட்சுமியும் மகன் கிருஷ்ணமூர்த்தியும் அவருக்குப் பின் வாழ்ந்தனர். குருகுலத்தைப் பற்றிய விவாதம் முற்றியிருந்த நேரத்தில் நிகழ்ந்த இம்மறைவு, அவரை எதிர்த்தவர்களையும் துயரத்தில் ஆழ்த்தியது. நிறுவனரை இழந்த குருகுலம் பழைய நிலையை மீண்டும் பெறவில்லை.

== குருகுலச் சிக்கலின் விளைவுகள் ==

குருகுலச் சிக்கல் ஐயரின் மறைவோடு முடிந்துவிடவில்லை. 1925 மே மாதத் தொடக்கத்தில் பெரியார் குடி அரசு வார இதழை ஈரோட்டில் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில் திரு. வி. கலியாணசுந்தரனார் தலைமையில் காஞ்சிபுரத்தில் நடைபெற்ற தமிழ் மாகாணக் காங்கிரசு மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தை வலியுறுத்தும் தீர்மானத்தைப் பெரியார் கொண்டுவர முயன்றார். அதற்கு இசைவு கிடைக்காததால் மாநாட்டை விட்டு வெளியேறினார். பின்னர் அவர் வளர்த்த சுயமரியாதை இயக்கத்தில் எஸ். இராமநாதனும் முக்கியப் பங்கு வகித்தார். பந்தி வேற்றுமை, உணவகங்களில் தனியிடம் ஆகியவற்றுக்கு எதிரான பரப்புரைகளில் சேரன்மாதேவி பல ஆண்டுகள் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது.

காங்கிரசிலும் மாற்றம் ஏற்பட்டது. கட்சியின் உதவி பெறும் நிறுவனங்களில் பிறப்பு வேற்றுமை கூடாது என்பது கமிட்டியின் தீர்மானமாகப் பதிவாகியிருந்தது. குருகுலத்தில் மகனைச் சேர்த்திருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவைக் காலத்தில், 1947 இல், சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலய நுழைவுச் சட்டம் நிறைவேறியது.

== இலக்கியப் பணி ==

குருகுல விவாதத்தின் காரணமாக ஐயரின் இலக்கியப் பணி சில வேளைகளில் மறக்கப்படுவதுண்டு. 1915 இல் விவேகபோதினி இதழில் வெளிவந்த குளத்தங்கரை அரசமரம் என்னும் கதை, தமிழின் முதல் சிறுகதை என்று நீண்ட காலம் குறிப்பிடப்பட்டு வந்துள்ளது. குளக்கரையில் நிற்கும் மரம் ஒன்று ருக்குமணி என்ற இளம்பெண்ணின் துயர வரலாற்றைக் கூறுவதாக அமைந்த கதை இது. திருமணத்தைப் பண விவகாரமாக்கும் பெரியவர்களின் போக்கால் ஒரு பெண்ணின் வாழ்வு சிதைவதை இது காட்டுகிறது. இதற்கு முன்பே பாரதியார் முதலியோர் கதைகள் எழுதியுள்ளதால் முதல் சிறுகதை என்ற கூற்றைச் சில ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. தாகூரின் கதை ஒன்றின் சாயல் இதில் உள்ளது என்றும் சுட்டிக்காட்டியுள்ளனர். எனினும் நவீனச் சிறுகதையின் வடிவ உணர்வுடன் தமிழில் எழுதப்பட்ட தொடக்க காலக் கதைகளுள் இது ஒன்று என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இவரது கதைகள் மங்கையர்க்கரசியின் காதல் என்ற பெயரில் தொகுக்கப்பட்டுள்ளன. நெப்போலியன் முதலிய உலக வரலாற்று மாந்தரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்தார். அமெரிக்க அறிஞர் எமர்சனின் கட்டுரை ஒன்றைத் தன்னம்பிக்கை என்ற பெயரில் தமிழாக்கினார். கம்பனை உலகப் பெருங்காவியப் புலவர் வரிசையில் வைத்து ஒப்பிட்ட இவரது ஆங்கில நூல், தமிழில் ஒப்பிலக்கிய ஆய்வுக்கு வழிகாட்டிய நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. திருக்குறள் மொழிபெயர்ப்பு, தமிழர் ஒருவர் முழுக்குறளையும் ஆங்கிலத்தில் பெயர்த்த முயற்சிகளுள் முன்னோடியானது.

== மதிப்பீடு ==

ஐயரைப் பற்றிய வரலாற்று மதிப்பீடுகள் பெரும்பாலும் இரு வகைப்படும். தேசிய இயக்க வரலாற்றாசிரியர்கள் அவரைத் தியாகியாகவும் அறிஞராகவும் போற்றுகின்றனர். குருகுலச் சிக்கலை அவர்கள் ஒரு துயர இடையீடாகச் சுருக்கமாகச் சொல்வர். திராவிட இயக்க வரலாற்றாசிரியர்கள் குருகுலத்தையே முதன்மைப்படுத்தி, பிராமணத் தேசியத்தின் எல்லையை அது காட்டியதாக எழுதுவர்.

கிடைக்கும் செய்திகளைச் சேர்த்துப் பார்க்கும்போது சில புள்ளிகள் தெளிவாகின்றன. குருகுலத்தின் பணத்தை ஐயர் தமக்கெனப் பயன்படுத்தினார் என்று அவரை எதிர்த்தவர்களும் கூறவில்லை. தனிப் பந்தி இருந்தது என்பதை அவரது ஆதரவாளர்களும் மறுக்கவில்லை. குருகுலம் ஐயரின் சொந்த முயற்சியில் உருவான நிறுவனமா, பணம் கொடுத்த பொதுமக்களின் நிறுவனமா என்பதில்தான் இரு தரப்பும் வேறுபட்டன. முதலாவது எனக் கொண்டால் நிறுவனரின் வாக்குறுதி முதன்மை பெறும். இரண்டாவது எனக் கொண்டால் கொடுத்தவர்களின் சமத்துவம் முதன்மை பெறும். கட்சியின் பெரும்பான்மை இரண்டாவது கருத்தை ஏற்றது.

== படைப்புகள் ==

* திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு (1916)
* மங்கையர்க்கரசியின் காதல் முதலிய கதைகள் (சிறுகதைத் தொகுப்பு, குளத்தங்கரை அரசமரம் இதில் அடங்கும்)
* கம்பராமாயண ஆய்வு (ஆங்கிலம்)
* நெப்போலியன் வாழ்க்கை வரலாறு
* தன்னம்பிக்கை (மொழிபெயர்ப்பு)

== நினைவிடம் ==

திருச்சிராப்பள்ளி வரகனேரியில் ஐயர் வாழ்ந்த இல்லம் தமிழ்நாடு அரசால் நினைவு இல்லமாக ஆக்கப்பட்டுள்ளது.